நகருயிர்ப்பு: விளையாட்டரங்கத்துத் தெருவுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். 'அர்பன் வைப்ரன்சி'க்கு, அதாவது ஒரு நகரம் ஆள் நடமாட்டத்தோடு உயிரோட்டமாக இருக்கும் தன்மைக்கு, தமிழில் என்ன சொல்லலாம் என்று தொடங்கிய இழையில் இதுவரை ஐந்து சொற்கள் வந்துவிட்டன: நகர்த்துடிப்பு, நகர்ப்பொலிவு, நகர்ச்செழிப்பு, நகர்க்களை, நகருயிர்ப்பு. கேட்டவர் மொழிபெயர்ப்பது அமெரிக்க நகரங்களின் நடுவில் இருக்கும் விளையாட்டரங்கங்களைப் பற்றிய கட்டுரை. அப்படியானால் அந்த மாதிரி ஒரு தெருவில் வைத்தே இந்த ஐந்தையும் உரசிப் பார்த்துவிடலாம்.

பால்டிமோரில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அலுவலகம் போகும் வழியில்தான் கேம்டன் யார்ட்ஸ் அரங்கம். 1992 ஏப்ரலில் திறந்த பேஸ்பால் அரங்கம் அது. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் கட்டிய அரங்கங்கள் பெரும்பாலும் வட்டமான கான்கிரீட் கிண்ணங்கள்தான், சுற்றிலும் கடல்போல் கார் நிறுத்துமிடம். கேம்டன் யார்ட்ஸ் அந்த வழக்கத்தை மாற்றியது. அங்கே நின்றிருந்த பழைய ரயில்வே சரக்குக் கிடங்கை இடிக்காமல் அரங்கத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். முந்நூறு மீட்டருக்கு மேல் நீளும் செங்கல் கட்டடம். கிடங்குக்கும் அரங்கத்துக்கும் நடுவே யூட்டா தெரு ஓடுகிறது. இதைப் பார்த்துத்தான் கிளீவ்லாந்து 1994இலும், டென்வர் 1995இலும், சான் பிரான்சிஸ்கோ 2000இலும் ஊருக்கு நடுவே அரங்கம் கட்டின.

யூட்டா தெருவில் குனிந்து நடந்தால் தரையில் பந்து வடிவில் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் பதித்திருப்பது தெரியும். ஆட்டத்தில் அடித்த பந்து அரங்கத்தைத் தாண்டி எங்கே வந்து விழுந்ததோ அங்கே ஒன்று, அடித்தவர் பெயரோடு. ஜூலை மாத ஆட்ட மாலையில் அந்தத் தகடுகளைப் பார்க்கவே முடியாது. அவ்வளவு கால்கள். இறைச்சி சுடும் புகை கிடங்குச் சுவரை ஒட்டி மேலே போகும், ஊர் அணியின் ஆரஞ்சுச் சட்டை போட்ட ரசிகர்கள் ரயிலிலிருந்து கும்பல் கும்பலாக இறங்குவார்கள். அதே தெருவில் ஜனவரி மதியம் நடந்தால் ஒவ்வொரு தகட்டையும் நின்று நிதானமாகப் படிக்கலாம். கடைகள் இழுத்து மூடியிருக்கும். என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கும்.

இந்த இரண்டு நேரத்துக்கும் நாம் ஒரே சொல்லைக் கொடுத்துவிடக் கூடாது. நான் சொல்ல வந்தது இதுதான்.

பேஸ்பால் அணி ஒரு பருவத்தில் சொந்த மைதானத்தில் 81 ஆட்டம் ஆடும். மீதி 284 நாள் அந்தத் தெரு என்ன செய்கிறது? பக்கத்திலேயே 1998இல் அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரு பெரிய அரங்கம் வந்தது. அதில் பருவத்துக்கு எட்டோ ஒன்பதோ ஆட்டம்தான். நகரமைப்புக்காரர்கள் 'வைப்ரன்சி' என்று எழுதும்போது அவர்கள் மனத்தில் இருப்பது அந்த எட்டு நாள் கூட்டம் இல்லை. எந்தெந்த மணிக்கு எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை வகையான வேலைக்கு வருகிறார்கள், இரவு ஒன்பது மணிக்கு எத்தனை கடை திறந்திருக்கிறது என்றுதான் கணக்கெடுக்கிறார்கள். ஒரு தெருவுக்கு வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு காரணத்துக்காக ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961லேயே சொன்னார். நமக்கு இது புதிதில்லை. மதுரைக்காஞ்சியின் மதுரையில் நாளங்காடியும் இருந்தது, அல்லங்காடியும் இருந்தது. பகலுக்கு ஒரு கடைத்தெரு, இரவுக்கு ஒன்று.

சரி, சொற்களுக்கு வருவோம்.

பொலிவு தோற்றத்தைச் சொல்வது. தவிர, 'ஸ்மார்ட் சிட்டி'யைப் பொலிவுறு நகரம் என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறோம். இன்னொரு பொருளை அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

செழிப்பு கூடவே கூடாது. அது பணத்தைச் சொல்லிவிடுகிறது. அரங்கத்தால் நகரத்துக்குப் பணம் வருமா என்பதுதான் இந்தத் துறையின் பெரிய வழக்கே. ராஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1997இல் தொகுத்த ஆய்வுகள், பொதுப்பணத்தில் கட்டிய அரங்கங்கள் போட்ட காசுக்கு ஏற்ற வளர்ச்சியைத் தரவில்லை என்ற முடிவுக்கு வந்தன. காரணம் எளிது. ஆட்டம் பார்க்கச் செலவிட்ட பணத்தைப் பெரும்பாலோர் அதே ஊரில் சினிமாவுக்கோ சாப்பாட்டுக்கோ செலவிட்டிருப்பார்கள். பணம் இடம் மாறியது, கூடவில்லை. தெருவில் கூட்டமும் நகரத்துக்குச் செழிப்பும் வேறுவேறு. ஒன்றின் பெயரை மற்றதற்கு வைத்தால் கட்டுரையின் வாதமே குலைந்துபோகும். வாஷிங்டனில் 1997இல் சீனத்தெருவை ஒட்டி உள்ளரங்கம் வந்தது. கூடைப்பந்தும் பனி ஹாக்கியும் ஆண்டுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்டம் வீதம் அங்கே நடப்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே குடியிருந்த சீனர்களும் அவர்களுடைய கடைகளும் வாடகை ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்தார்கள். அதைச் செழிப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

களை எனக்கு மிகவும் பிடித்த சொல். திருவிழா வந்தால் ஊர் களைகட்டுகிறது, கல்யாண வீடு களைகட்டுகிறது. இதைவிட நம்முடைய சொல் கிடைக்குமா? இரண்டு தடை இருக்கின்றன. நகர்க்களை என்று அச்சில் பார்த்தால் பாதிப் பேருக்குப் பிடுங்க வேண்டிய களைதான் நினைவுக்கு வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் களைகட்டுவது ஒரு நிகழ்ச்சிக்காக, நிகழ்ச்சி முடிந்தால் பந்தலோடு அதுவும் போய்விடும். யூட்டா தெருவின் ஜூலை மாலைக்கு அது அப்படியே பொருந்துகிறது, ஜனவரி மதியத்துக்குப் பொருந்தவில்லை. அதனால் வினையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்: 'ஆட்டநாளில் தெரு களைகட்டும்'. பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் ஆட்டநாள் சந்தடி. துடிப்பையும் இந்தப் பக்கமே சேர்ப்பேன். வலியில் துடிப்பதும் அதே சொல்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இழையில் ஒரு நண்பர் கேட்டிருந்தார்: உயிர்ப்பு என்றால் கிறித்தவர்களுக்கு உயிர்த்தெழுதல். உயிர்ப்பு ஞாயிறு என்கிறோமே, குழப்பம் வராதா?

நல்ல கேள்வி. அந்த வழக்கு இருக்கிறது, மதிக்க வேண்டியது. ஆனால் உயிர்ப்புக்கு மூச்சு என்ற பொருள் அதைவிடப் பழையது. மூச்சு யாரும் பார்க்காத நேரத்திலும் நடக்கிறது, ஏறி இறங்குகிறது, நிற்பதில்லை. நான் தேடும் பொருள் அதுதான். அப்புறம், செத்துப்போன பகுதியை மறுபடி எழுப்பும் வேலைக்கும் நமக்குச் சொல் வேண்டியிருக்கிறது. அதை மீளுயிர்ப்பு என்று வைத்தால், ஞாயிறின் பொருளும் இந்தக் குடும்பத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது.

இதற்கு சான் டியேகோ நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஈஸ்ட் வில்லேஜ் கிடங்குகள் நிறைந்த பகுதி. 1998இல் வாக்கெடுப்பு நடத்தி, 2004இல் பெட்கோ பார்க் பேஸ்பால் அரங்கத்தைத் திறந்தார்கள். 1909ஆம் ஆண்டுச் செங்கல் கட்டடம் ஒன்று அரங்கத்துக்குள்ளேயே நிற்கிறது. அதன் மூலைக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, ஆட்ட எல்லையைக் காட்டும் கம்பமாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கே அரங்கத்தோடு வேலை முடியவில்லை. சுற்றியும் கட்டித் தருவதாக அணியின் அன்றைய உரிமையாளர் ஜான் மோர்ஸ் ஒப்புக்கொண்டிருந்தார். விடுதிகளும் குடியிருப்புகளும் எழுந்தன, 2013இல் மத்திய நூலகமும் வந்தது. மைதானத்துக்குப் பின்னால் புல்வெளி, ஆட்டம் இல்லாத நாளில் ஊர்ப் பிள்ளைகள் ஓடியாட. அந்தத் தெருக்களில் வீடற்றவர்களும் இருக்கிறார்கள். பொலிவு என்ற சொல் அவர்களை அப்புறப்படுத்தத் தூண்டும். உயிர்ப்பு என்றால் அவர்களும் அந்தக் கணக்கில் வருவார்கள். இது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

ஆக, என் பரிந்துரை: நிலையான பண்புக்கு நகருயிர்ப்பு. புதுப்பித்தலுக்கு மீளுயிர்ப்பு. ஆட்டத்தன்று மட்டும் எழுவதற்கு ஆட்டநாள் சந்தடி. எண்ணி அளக்கும் தரவுக்கு ஆள்புழக்கமே போதும். 'ஆட்டநாள் சந்தடி கூடியும் நகருயிர்ப்பு கூடவில்லை' என்ற வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். கட்டுரையாளர் சொல்ல வருவது ஒரே வரியில் வந்துவிடுகிறது. 'டவுன்டவுன்' என்பதற்கு நடுவூர் என்று எழுதலாம். குறளில் நச்சு மரம் பழுத்து நிற்பது நடுவூரில்தான்.

ஒரு சொல் மட்டும் எனக்கு இன்னும் அகப்படவில்லை. அரங்கம், ரயில் முனையம் போல ஒரே வேலைக்கான பெரிய கட்டடம் வந்தால், அதன் சுற்றுச்சுவரை ஒட்டிய தெருக்கள் ஆளில்லாமல் வாடிப்போகும். ஜேக்கப்ஸ் இதை 'பார்டர் வேக்யூம்' என்றார். விளிம்பு வெற்றிடம் என்றால் அறிவியல் பாடம் மாதிரி இருக்கிறது. ஓரப்பாழ் என்று ஒன்று தோன்றியது, முழு மனது இல்லை. பெரிய மரத்தின் நிழல் விழுந்து பயிர் ஏறாத வயலோரத்தை உங்கள் ஊரில் என்னவென்று சொல்வார்கள்? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்