புதுப்பிப்பு: பெரும்பாக்கம் வந்த பிறகு ரேஷன் கார்டு முகவரி மாற்றம்

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கூவம் ஓரத்திலிருந்து அம்மாவை பெரும்பாக்கம் எட்டு மாடி குடியிருப்புக்கு மாற்றினார்கள், கார்டு பழைய கடையிலேயே இருக்கு, என்ன செய்யன்னு கேட்டிருந்தேன்.

வேலை முடிஞ்சது. முதல் தடவை வாடகை ஒப்பந்தம் கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. அரசு ஒதுக்கின வீட்டுக்கு ஏது ஒப்பந்தம்? "ஒதுக்கீட்டு ஆணையையே முகவரிச் சான்றா போடுங்க"ன்னு இங்கே ஒருத்தர் சொன்னதுதான் பலிச்சது. இ-சேவை மையத்தில் அதை ஸ்கேன் பண்ணி விண்ணப்பிச்சோம். பதினேழாம் நாள் முகவரி மாறிடுச்சுன்னு குறுஞ்செய்தி வந்தது.

எதிர்பாராதது: அதுவரை காத்திருக்கவே வேண்டியதில்லை. 2020 அக்டோபரிலிருந்து கைரேகை வைத்து எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாமாம். இது தெரியாம ரெண்டு மாசம் அரிசிக்காக சிந்தாதிரிப்பேட்டை வரை போய் வந்தோம்.

அம்மா இன்னும் பழைய இடத்துக்கே வீட்டு வேலைக்குப் போறாங்க. பெண்களுக்கு இலவசப் பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும்தான். அது வரலைன்னா டீலக்ஸ், காசு கொடுத்தாகணும். விடியற்காலை கிளம்பினால்தான் சரிப்படுது. இதுக்கு மட்டும் வழி கிடைக்கலை.