சுனாமிப் பலகையில் எந்த எண்ணை எழுதுவது?

வணக்கம். ஏற்காட்டில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். டிசம்பர் 26 நினைவுப் பலகையில், 2004 சுனாமியில் இந்தியாவில் இறந்தோர் எண்ணிக்கையை இரண்டு முறை எழுதி அழித்துவிட்டேன். கையெல்லாம் சாக்பீஸ் தூள். ஓரிடத்தில் 10,749, மற்றோரிடத்தில் 12,405. முதலாவதுடன் காணாமல் போன 5,640 பேரைக் கூட்டினால் 16,389. இரண்டாவதுடன் 3,874 பேரைக் கூட்டினால் 16,279. ஏறக்குறைய ஒரே தொகை! காணாமல் போனோர் பலர் பிறகு இறந்தோர் பட்டியலுக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

"திரும்பி வந்துவிட்டால் எண்ணை அழிப்பீர்களா சார்?" என்கிறான், கடலையே பார்த்திராத ஒரு மலைப்பையன். என்ன சொல்வது?

அப்போது நாகப்பட்டினம், கடலூர் பக்கம் வருவாய்த் துறையில் இருந்தவர்கள் யாரேனும் இங்கே உண்டா? உடல் கிடைக்காதவர்களை எந்த ஆதாரத்தைக் கொண்டு இறந்தவர்களாகப் பதிந்தீர்கள்? சேலத்தில் இருந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமை பஸ் ஏறி நேரிலேயே வந்துவிடுகிறேன்.