புட்டு, இடியப்பத்தின் மாப்பொருள் அளவு: விபரம் தேவை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம். முதலாம் வகை நீரிழிவில் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீற்றா கலங்களை அழித்துவிடுவதால், எங்கள் 9 வயது மகளுக்கு உணவிலுள்ள மாப்பொருளைக் கணித்தே ஒவ்வொரு வேளையும் இன்சுலின் ஏற்ற வேண்டியுள்ளது. எங்களுக்குக் கிடைத்த அட்டவணைகளோ பாணுக்கும் பாஸ்தாவுக்குமே உதவுகின்றன. அரிசிமாப் புட்டு, இடியப்பம், ஒடியற்கூழ் (இதற்குள் விழுபவை வீட்டுக்கு வீடு வேறு) ஆகியவை அவற்றில் இல்லை. யாழ்ப்பாணத்து உணவுகளின் மாப்பொருளை ஆய்வுகூடத்தில் அளந்து வெளியிட்ட கட்டுரைகளையோ பல்கலைக்கழக ஆய்வேடுகளையோ அறிந்தவர்கள் தயவுசெய்து அறியத்தாருங்கள். சமைத்த உணவின் 100 கிராமுக்கான அளவே வேண்டும். உலர்ந்த மாவுக்கான கணக்கு, நீரும் தேங்காய்ப்பூவும் சேர்ந்த புட்டுக்குப் பொருந்தாது. இன்சுலின் அளவு பற்றிய ஆலோசனைகளைத் தவிர்க்கவும். அதனை எங்கள் வைத்தியரே தீர்மானிப்பார்.