சும்மா உட்கார்ந்திருந்த செஷன்தான் பிடித்து வைத்திருந்தது

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு டேபிளுக்குப் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். டிஃபால்ட் மதிப்புகூடக் கிடையாது, கண் இமைப்பதற்குள் முடிகிற வேலை. இரவு 11 மணிக்கு அதற்கான ஆல்டர் டேபிள் கட்டளையைக் கொடுத்தேன். முடியவில்லை. ஒரு நிமிடத்தில் அப்ளிகேஷனே தொங்கிவிட்டது. அந்த டேபிளை வெறுமனே படிக்கிற செலக்ட்கூடத் திரும்பி வரவில்லை.

யாரிடம் எந்த லாக் (பூட்டு) இருக்கிறது, யார் காத்திருக்கிறார் என்று காட்டும் பிஜி_லாக்ஸைத் திறந்தால், கிராண்டட் என்ற இடத்தில் 'எஃப்' (இன்னும் கிடைக்கவில்லை) போட்டு வரிசையாக நாற்பது பேர். ஆல்டர்தான் வழியை அடைக்கிறது என்று நினைத்தேன். பாதி சரி. அது கேட்கிற, டேபிளை முழுதாகத் தனக்கே எடுத்துக்கொள்ளும் ஆக்சஸ் எக்ஸ்குளூசிவ் லாக், செலக்ட் எடுக்கிற லாக்கோடும் ஒத்துப்போகாது. கிடைக்காமல் அது வரிசையில் நின்றால், பின்னால் வருகிற செலக்ட் எல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். சரி, ஆல்டர் யாருக்காக நிற்கிறது?

யார் தடுக்கிறார் என்று சொல்லும் பிஜி_பிளாக்கிங்_பிஐடிஸில் அதன் பிராசஸ் எண்ணைக் கொடுத்தேன். ஒரே ஒரு எண் வந்தது. செஷன்களின் நிலையைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் அந்த எண்ணைத் தேடினால் நிலை, 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்'. அதாவது, டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கிறது. மாலை 5 மணிக்கு யாரோ பிகின் போட்டு, ஒரு செலக்ட் ஓட்டி, கமிட் செய்து முடிக்காமல் விட்டிருக்கிறார்; முடிக்கும்வரை அந்த செலக்ட் எடுத்த லாக்கும் விடுபடாது. யாரோ என்ன, நான்தான்! பக்கத்துத் திரையில் அந்த விண்டோ அப்படியே திறந்து கிடந்தது. ரோல்பேக் அடித்து அந்த டிரான்சாக்‌ஷனை முடித்தேன், மொத்த வரிசையும் கலைந்தது.

இப்போதெல்லாம் ஆல்டருக்கு முன்னால் லாக்_டைம்அவுட் (லாக்குக்குக் காத்திருக்கும் எல்லை) 2 விநாடி வைக்காமல் என்டர் தட்டுவதில்லை.

பதில்:
உங்களுக்காவது விண்டோ கையில் இருந்தது. எங்களிடம் பிடித்து வைத்திருந்தவர் வீட்டுக்கே போய்விட்டார். ஓடும் குவெரியை நிறுத்தும் பிஜி_கேன்சல்_பேக்எண்ட் கொடுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஓடாத குவெரியில் எதை ரத்து செய்வது? செஷனையே துண்டிக்கும் டெர்மினேட் கொடுத்த பிறகுதான் விட்டது. அப்புறம் இன்னொன்று, ஒரே வரிக்குச் சண்டை என்றால் பிஜி_லாக்ஸில் வரிப் பூட்டைத் தேடாதீர்கள். அது டேபிளின் வரியிலேயே எழுதப்படுகிறது. காத்திருப்பவர், எதிராளியின் டிரான்சாக்‌ஷன் முடிவதற்கான டிரான்சாக்‌ஷன்ஐடி பூட்டாகத்தான் தெரிவார். நான் ஒரு மணி நேரம் இல்லாததைத் தேடியிருக்கிறேன்.

பதில்:
மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸிலும் இதே கதை. நான் டேட்டாவின் பூட்டுகளைக் காட்டும் டேட்டா_லாக்ஸில் தேடிக்கொண்டிருந்தேன், மாட்டியதோ டேபிள் அமைப்புக்கான பூட்டுகளைக் காட்டும் மெட்டாடேட்டா_லாக்ஸில். காத்திருப்புக்கு எல்லை எவ்வளவு என்று பார்த்தால், லாக்_வெயிட்_டைம்அவுட் டிஃபால்ட் 3,15,36,000 விநாடி. கணக்குப் போட்டேன், சரியாக ஒரு வருடம்.