ஆற்றுக் களப்பணியில் ஒரே நாளில் மூன்று விபரீதங்கள்: எந்தத் தரவை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது?

ஆற்றோரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக ஓர் ஆற்றின் ஆறு நிலையங்களில் மாதம் ஒருமுறை நீரின் தரத்தையும், அடித்தளக் கற்களுக்கிடையே வாழும் முதுகெலும்பற்ற சிற்றுயிர்களையும் ஆராய்ந்து வருகிறேன். ஆற்றில் ஒரு கழிவுநீர் வாய்க்கால் வந்து கலக்கிறது. முதல் மூன்று நிலையங்கள் அதற்கு மேலேயும், அடுத்த மூன்று கீழேயும் உள்ளன. நான்காவது மாதப் பயணத்தில் நேர்ந்தவற்றை வரிசையாகச் சொல்லி, உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

முதலாவது, மூன்றாம் நிலையத்தில் நீரோட்டத்தை அளந்து முடித்துக் கரைக்குத் திரும்பும்போது, கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் கால் வைத்து விழுந்துவிட்டேன். எனக்குக் காயம் இல்லை. ஆனால் சட்டைப்பையில் இருந்த குறிப்பேடு ஆற்றோடு போய்விட்டது. முதல் நிலையத்தின் பக்கத்தை மட்டும் அன்று காலையிலேயே கைபேசியில் படம் எடுத்திருந்ததால் அது தப்பியது. இரண்டாம், மூன்றாம் நிலையங்களின் ஆழமும் நீர்வேகமும் இப்போது என்னிடம் இல்லை. மீண்டும் இறங்கி அளக்கத் துணிவு வரவில்லை.

இரண்டாவது, கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கருவியை அன்று காலை அளவுத்திருத்தம் செய்ய மறந்துவிட்டேன். அளவீடுகள் கருவியின் நினைவகத்தில் இருந்ததால் தொலையவில்லை. ஆனால் அவற்றை நம்பலாமா என்று தெரியவில்லை. முதல் நிலையத்தில் நீரின் வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ், கருவி காட்டியது லிட்டருக்கு 9.6 மில்லிகிராம். மறுநாள் ஆய்வகத்தில் ஈரக்காற்றில் வைத்துப் பார்த்தபோது 100 விழுக்காடு காட்ட வேண்டிய கருவி 131 காட்டியது. நல்லவேளையாக, முதல் நிலையத்திலும் ஐந்தாம் நிலையத்திலும் கரைந்த ஆக்சிஜனை வேதிமுறையில் அளக்கும் விங்க்ளர் முறைக்காகத் தனிப் புட்டிகளில் நீர் எடுத்து அங்கேயே வேதிப்பொருள் சேர்த்திருந்தேன். தரம்பார்த்ததில் முறையே 7.3, 5.1 என வந்தன. அதே இடங்களில் கருவி காட்டியவை 9.6, 6.7.

மூன்றாவதுதான் என்னை அதிகம் வாட்டுகிறது. நிலையத்துக்கு மூன்றாக, சிற்றுயிர்களை எத்தனாலில் பாதுகாத்த 18 புட்டிகளில் ஒன்று வழியில் கசிந்துவிட்டது. அழியாத மை என்று நம்பி வெளிப்புறத்தில் எழுதியிருந்த எண்கள் மூன்று புட்டிகளில் முற்றிலும் கரைந்துவிட்டன. மற்ற 15 புட்டிகளைக் கழித்துப் பார்த்தால், இவை இரண்டாம் நிலையத்தின் மூன்றாம் புட்டி, மூன்றாம் நிலையத்தின் முதல் புட்டி, நான்காம் நிலையத்தின் இரண்டாம் புட்டி என்று தெரிகிறது. ஆனால் எது எது என்று தெரியவில்லை.

முந்தைய மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் சராசரி எடுத்து இடைவெளிகளை நிரப்பிவிடு, யாருக்கும் தெரியப்போவதில்லை என்கிறார் உடன் படிக்கும் நண்பர். நெறியாளரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?

நீரளவர் (மறுமொழி)

வணக்கம். ஆக்சிஜனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே நீங்கள் நினைப்பதைவிட நிலைமை நன்றாக இருக்கிறது.

28 டிகிரியில், கடல்மட்ட அழுத்தத்தில், நன்னீர் காற்றிலிருந்து பெற்று நிறைவுறும் அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 7.8 மில்லிகிராம்தான். 9.6 என்பது அந்த வரம்பைத் தாண்டிய எண். பாசி மிகுந்த நீரில் உச்சிவெயில் நேரத்தில் அப்படியும் வரக்கூடும் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்துக் கருவியைக் குற்றம் சொல்லிவிட முடியாது. உங்களிடம் விங்க்ளர் முடிவுகள் இருப்பதுதான் பெரிய பேறு. 9.6 ஐ 7.3 ஆல் வகுத்துப் பாருங்கள், 1.315 வருகிறது. 6.7 ஐ 5.1 ஆல் வகுத்தால் 1.314. மறுநாள் ஈரக்காற்றில் கிடைத்த விகிதம் 1.31. முதல் நிலையம் காலையிலும் ஐந்தாம் நிலையம் பிற்பகலிலும் அளக்கப்பட்டிருக்கும் என்று கொள்கிறேன். அப்படியானால், வேறுபட்ட நேரத்திலும் வேறுபட்ட செறிவிலும் கருவி ஒரே விகிதத்தில்தான் கூட்டிக் காட்டியிருக்கிறது. கருவியின் உணர்முனையை மூடியிருக்கும் சவ்வின் அடியில் காற்றுக்குமிழி நுழைந்திருந்தாலோ சவ்வு கிழிந்திருந்தாலோ விகிதம் இப்படி நிலையாக இருந்திருக்காது. ஆகவே ஆறு நிலையங்களின் அளவீடுகளையும் 1.31 ஆல் வகுத்துத் திருத்தலாம். திருத்தாத எண், திருத்திய எண், திருத்தியதற்கான சான்று ஆகிய மூன்றும் பின்னிணைப்பில் இருக்கட்டும். அந்த இரண்டு புட்டிகள் இல்லாதிருந்தால் அந்த நாளின் ஆக்சிஜன் தரவு முழுவதையும் விட்டுவிடச் சொல்லியிருப்பேன்.

நீரோட்டத்தில் ஒரு பகுதியை மீட்கலாம். முதல் நிலையத்துக்கும் மூன்றாம் நிலையத்துக்கும் இடையே வேறு ஓடை கலக்கவில்லை, நீர் வெளியே எடுக்கப்படவும் இல்லை, அன்று மழையும் பெய்யவில்லை என்றால், ஒரு நொடியில் கடந்துசெல்லும் நீரின் கன அளவு மூன்று இடங்களிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதை முதல் நிலையத்தின் எண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு, மதிப்பீடு என்று குறிப்பிடுங்கள். ஆனால் நீரின் வேகத்தை அப்படிப் பெற முடியாது. வேகம் அந்தந்த இடத்தின் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. ஆறு அகன்று ஆழமாகும் இடத்தில் அதே நீர் மெதுவாகச் செல்லும். சிற்றுயிர்களுக்கு முக்கியம் வேகம்தான் என்பதால், அந்த இரண்டு கட்டங்களும் வெற்றாகவே இருக்கட்டும். வெற்றிடத்தில் 0 என்று இட்டுவிடாதீர்கள். கணினி அதை ஓடாத நீர் என்று எடுத்துக்கொள்ளும்.

சராசரி எடுத்து நிரப்புவது பற்றி ஒரு சொல். அப்படி நிரப்பினால் மாதத்துக்கு மாதம் உள்ள ஏற்ற இறக்கம் செயற்கையாகக் குறைந்து, உங்கள் புள்ளியியல் சோதனை உண்மையில் இல்லாத உறுதியைக் காட்டும். இது அறம் பற்றிய கேள்வி மட்டுமன்று, கணக்கும் தவறாகிவிடும்.

நுண்ணோக்கி (மறுமொழி)

புட்டிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்களுக்கு இப்போது ஓர் ஆசை தோன்றியிருக்கும்: மூன்று புட்டிகளையும் திறந்து பார்த்து, மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை போன்ற தூய நீர்ப் பூச்சிகளின் இளம்பருவங்கள் உள்ளவற்றை மேல் நிலையங்களுக்கும், சிவப்புப் புழுக்கள் நிறைந்ததை வாய்க்காலுக்குக் கீழே உள்ள நான்காம் நிலையத்துக்கும் ஒதுக்கிவிடலாம் என்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கழிவுநீர் உயிரினங்களை மாற்றுகிறதா என்பதுதான் உங்கள் ஆய்வின் கேள்வி. மாற்றுகிறது என்று முன்கூட்டியே நம்பிப் புட்டிகளைப் பிரித்துவிட்டு, பிறகு அதே புட்டிகளை எண்ணி, மாற்றுகிறது என்று நிறுவினால், அது தன் வாலைத் தானே கடிக்கும் வாதம். தேர்வாளர் ஒருவர் இதைக் கண்டுபிடித்தால் மற்ற 15 புட்டிகள் மீதும் ஐயம் விழும்.

உயிரினங்களைச் சாராத சான்று இருக்கிறதா என்று தேடுங்கள். கைபேசிப் படங்கள், புட்டியின் வடிவம், மூடியின் நிறம், மையின் மிச்சத் தடம், பெட்டியில் அடுக்கிய வரிசை என எதுவானாலும் பயன்படும். எதுவும் கிடைக்காவிட்டால் மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

அப்போது 2, 3, 4 ஆகிய நிலையங்களுக்குத் தலா இரண்டு புட்டிகளும் மற்றவற்றுக்கு மூன்றும் இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் தவறு நேரும். அதிகம் தேடிய இடத்தில் அதிக வகைகள் கிடைப்பது இயல்பு. மாசைத் தாங்காத உயிரினக் குடும்பத்துக்குக் கூடுதலாகவும் தாங்குவதற்குக் குறைவாகவும் 1 முதல் 10 வரை மதிப்பெண் தரும் பி.எம்.டபிள்யூ.பி. (BMWP) முறையில் கூட்டுத்தொகை இதனால் நேரடியாகப் பாதிக்கப்படும். கூட்டுத்தொகையைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் சராசரி மதிப்பு அந்த அளவுக்கு அசையாது. அல்லது எல்லா நிலையங்களிலும் குலுக்கல் முறையில் இரண்டு புட்டிகளை மட்டும் எடுத்து ஒப்பிடலாம். கையில் உள்ள தரவை வீணாக்குவதாகத் தோன்றினாலும் எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கும், ஏனெனில் அதை விளக்குவது எளிது.

அடுத்த முறைக்கு: தடித்த தாளில் பென்சிலால் எழுதிய சீட்டைப் புட்டிக்கு உள்ளேயே போடுங்கள். பென்சிலின் கரித்தடம் எத்தனாலில் கரையாது. வெளியே எழுதும் மை, அழியாதது என்று எவ்வளவுதான் விளம்பரப்படுத்தினாலும், பெரும்பாலும் நீருக்கு மட்டுமே அழியாதது. இன்னொன்று, புட்டிக்குள் ஆற்றுநீர் தங்கினால் எத்தனால் நீர்த்துப்போகும். ஒரு நாளுக்குப் பிறகு வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினால் உடல்கள் சிதையாமல் இருக்கும்.

கரைக்காவல் (மறுமொழி)

மேலே எழுதியவர்கள் தரவைக் காப்பாற்றிவிட்டார்கள். விழுந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நீங்களும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அன்று கரையில் யாராவது நின்றார்களா?

ஓடும் நீர் காலின் மீது செலுத்தும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் ஆற்றில் இறங்கி அளப்பவர்கள், அடி அளவில் கணக்கிட்ட ஆழத்தையும் நொடிக்கு இத்தனை அடி என்று கணக்கிட்ட வேகத்தையும் பெருக்கி, விடை 10 ஐ எட்டினால் இறங்குவதில்லை என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். மீட்டரில் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 0.9. வழுக்கும் அடித்தளமோ குள்ளமான உடலோ இருந்தால் அதற்கும் முன்பே நின்றுவிட வேண்டும். ஒரு கோலால் முன்னே உள்ள தரையைத் தட்டிப் பார்த்த பிறகே அடுத்த அடி வைத்திருந்தால் அந்தப் பள்ளம் முன்பே தெரிந்திருக்கும்.

மார்பு வரை வரும் நீர்புகா உடை அணிந்திருந்தீர்களா? உள்ளே நீர் புகுந்தால் அது ஆளைக் கீழே இழுத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். நீருக்குள் நீருக்கு எடை தெரியாது, அது உங்களை மூழ்கடிக்காது. ஆனால் நீந்தவும் கரையேறவும் விடாது. இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால் புகும் நீர் வெகுவாகக் குறையும். அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கரையை நோக்கி ஒதுங்க வேண்டும். வேகமான நீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் பாறையிடுக்கில் சிக்கிக்கொள்ளும். மீண்டும் இறங்கி அளக்காமல் திரும்பியதற்காக நீங்கள் வெட்கப்படுவதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அன்று நீங்கள் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான்.

நெறியாளரிடம் இன்றே சொல்லுங்கள். என் மாணவப் பருவத்தில், ஆற்றில் விட்டுவைத்த பதிவுக் கருவியின் கடிகாரத்தை முற்பகலுக்குப் பதில் பிற்பகலாக வைத்துவிட்டேன். ஆக்சிஜன் விடியலுக்குச் சற்றுமுன் குறைந்து பிற்பகலில் கூடுவது வழக்கம். என் வரைபடத்தில் அது மாலையில் குறைந்து நள்ளிரவுக்குப் பின் கூடியது. மூன்று வாரம் அதற்குப் புதுப்புது விளக்கங்கள் யோசித்துக்கொண்டிருந்தேன். நெறியாளரிடம் காட்டியபோது, 12 மணி நேரம் நகர்த்திப் பார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஆற்றோரம் (கேட்டவரின் பதில்)

அனைவருக்கும் மிக்க நன்றி. கரையில் நண்பர் ஒருவர் இருந்தார்; ஆனால் எறிகயிறு எங்களிடம் இல்லை, அவர் அப்போது புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த பயணத்தில் நான் நீரில் இருக்கும்வரை அவருக்கு வேறு வேலை தருவதில்லை என்று முடிவு செய்துள்ளோம். நீர்புகா உடை அணிந்திருந்தேன், பட்டை கட்டவில்லை. ஐந்தாம் நிலையத்தின் நீரைப் பிற்பகலில்தான் எடுத்தேன். முதல் மூன்று நிலையங்களுக்கிடையே எந்த ஓடையும் கலக்கவில்லை.

கைபேசிப் படங்களைத் தேடியதில், நான்காம் நிலையத்தில் எடுத்த படமொன்றில் இரண்டாம் புட்டியின் எண்ணும் அதன் மூடியிலுள்ள விரிசலும் தெளிவாகத் தெரிகின்றன. எண் அழிந்த மூன்றில் ஒன்றில் அதே விரிசல் இருக்கிறது. மற்ற இரண்டையும் பிரித்தறிய எதுவும் கிடைக்கவில்லை. அவை இரண்டும் வாய்க்காலுக்கு மேலே உள்ள நிலையங்களைச் சேர்ந்தவை என்பது உறுதியாகிவிட்டதால், மேற்பகுதியின் மொத்த இனப்பட்டியலில் மட்டும் சேர்த்து, நிலையவாரியான ஒப்பீட்டிலிருந்து விலக்கலாமா என்று நெறியாளரிடம் கேட்டேன். ஒப்புக்கொண்டார். புட்டிகளை இன்னும் திறக்கவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டார்.

நுண்ணோக்கி (மறுமொழி)

சரியான முடிவு. விரிசல் மூடியை மாற்றுவதற்கு முன் அதையும் எண்ணிட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கசிந்த புட்டியும் அதுவாகவே இருக்கக்கூடும்.