டேட்டாபேஸ் ஆராய்ச்சியை வைத்து ஸ்டார்ட்அப்: பேப்பருக்கு அப்புறம் என்ன?

பிஎச்டி_வாசி:
வணக்கம். டேட்டாபேஸில் பிஎச்டி செய்கிறேன். குவெரி (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளை) வேகத்தைக் கூட்டும் ஒரு முறையைப் பற்றிய பேப்பர் ஏற்கப்பட்டுவிட்டது, கைடு இதை வைத்து கம்பெனி ஆரம்பிக்கலாமே என்கிறார். ஆனால் கோட் நான் ஓட்டினால்தான் ஓடும், நடுவில் மின்சாரம் போனால் தரவும் போய்விடும். டேட்டாபேஸ் ஆராய்ச்சியிலிருந்து பல கம்பெனிகளைத் தொடங்கிய மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் போன்றவர்கள் ஆய்வகக் கோடை அப்படியே விற்றார்களா, இல்லை புதிதாக எழுதினார்களா?

நெடுவரிசை:
ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய டேட்டாபேஸ் கம்பெனியான வெர்டிகாவின் கதையைப் பாருங்கள். 2005-இல் சி-ஸ்டோர் என்ற ஆய்வக டேட்டாபேஸ் பற்றிய பேப்பர் வந்தது, அதே ஆண்டு கம்பெனியும் தொடங்கிவிட்டார்கள், 2011-இல் எச்பி வாங்கியது. அட்டவணையை நெடுவரிசை வாரியாகப் பிரித்துச் சுருக்கிச் சேமிக்கும் அடிப்படை யோசனை கடைசிவரை நின்றது. ஆனால் ஒரே அட்டவணையின் துண்டுகளை மறுபடி சேர்க்க பேப்பரில் ஜாயின் இண்டெக்ஸ் என்று ஒன்று வைத்திருந்தார்களே, அதை வெர்டிகாவில் விட்டுவிட்டார்கள். எழுதுவதும் சிக்கல், ஓட்டும்போது செலவும் அதிகம் என்பதால், எல்லா நெடுவரிசையும் அடங்கிய ஒரு பிரதி ஒவ்வொரு அட்டவணைக்கும் இருந்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். உங்கள் பேப்பரில் எந்தப் பகுதியை இப்படித் தயங்காமல் வெட்டுவீர்கள் என்று இப்போதே யோசியுங்கள்.

வாத்து_ரசிகர்:
எனக்கு டக்டிபி என்ற டேட்டாபேஸின் கதைதான் இன்னும் பொருத்தமாகப் படுகிறது. ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் ஹானஸ் மூலைசனும் மார்க் ராஸ்வெல்ட்டும் பார்த்தது இதுதான்: ஆர் மொழியில் தரவு அலசுகிறவர்கள் டேட்டாபேஸ் பக்கமே வருவதில்லை, சர்வர் நிறுவுவதே அவர்களுக்குப் பெரிய தலைவலி. முதலில் தங்கள் ஆய்வகத்தின் மோனெட்டிபி டேட்டாபேஸையே ஆர் உள்ளே பொருத்திப் பார்த்தார்கள். சர்வராக இருக்க எழுதிய கோட் அது, சரியாகத் தொடங்க முடியாவிட்டால் புரோகிராமையே நிறுத்திவிடும். தனி சர்வருக்கு அது சரி, இன்னொருவர் புரோகிராமுக்குள் உட்கார்ந்துகொண்டு அப்படிச் செய்தால் அவருடைய வேலை மொத்தமும் போச்சு. அதனால்தான் டக்டிபியைப் புதிதாக எழுதினார்கள். 2019-இல் வெளியே விட்டார்கள், கம்பெனி 2021-இல்தான், அதற்குள் பயன்படுத்துகிறவர்கள் சேர்ந்துவிட்டிருந்தார்கள். உங்கள் குவெரி மெதுவாக ஓடுவதால் இன்று யாருக்கு வேலை தடைபடுகிறது? அந்த ஆளைத் தேடிப் பிடியுங்கள், கம்பெனி அப்புறம்.

பிஎச்டி_வாசி:
அப்படி யாரிடமும் இதுவரை பேசியதில்லை. பெஞ்ச்மார்க் எனும் வேகச் சோதனைதான் ஓட்டியிருக்கிறேன். கோடை ஓப்பன் சோர்ஸாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி விட்டால் பெரிய கிளவுட் கம்பெனிகள் எடுத்துக்கொள்ளாதா?

லைசென்ஸ்_பார்:
எடுக்கலாம்தான். ஆனால் பெரிய அளவில் தரவை அலசும் ஸ்பார்க் மென்பொருளைப் பாருங்கள், பெர்க்லி ஆய்வகம் அதை 2010-லேயே திறந்து விட்டது, அமேசான் உட்படப் பலர் சேவையாக விற்கிறார்கள், அதை உருவாக்கியவர்கள் 2013-இல் தொடங்கிய டேட்டாபிரிக்ஸும் நன்றாக வளர்ந்தது. உங்களுக்கு இப்போது பெரிய ஆபத்து யாரும் சீண்டாமல் கிடப்பதுதான். ஆய்வு நன்றாக இருந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம்: கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த, டேட்டாபேஸ் அமைப்புகளைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டர்டியூன் கம்பெனி நல்ல பேப்பர்களோடு வந்தது, 2024-இல் மூடிவிட்டார்கள்.

இன்னொன்று, கோட் யாருடையது என்பதைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உதவித்தொகை தந்தவர்களுக்கும், உங்களோடு சேர்ந்து எழுதிய மாணவர்களுக்கும் அதில் உரிமை இருக்கலாம். முதலீட்டாளர் பணம் போடும் முன் இதைக் கட்டாயம் கேட்பார், அந்த நேரத்தில் போய்க் கையெழுத்துக்கு அலையாதீர்கள்.