கார்ல் ஸ்டோர்மர்: எண் கணிதத்த விட்டுட்டு அரோரா பின்னாடி போனது வீணா?

எண்காதலன்: நார்வே கணிதவியலாளர் ஸ்டோர்மர் வாழ்க்கைய படிச்சா எனக்கு ஆதங்கம்தான் மிஞ்சுது. 1897ல அவரு நிரூபிச்ச தேற்றத்த பாருங்க. 2, 3, 5 இந்த மூணு பகா எண்ண மட்டும் பெருக்கி வர்ற எண்கள்ல (1ஐயும் சேத்து) அடுத்தடுத்து நிக்கிற ஜோடி மொத்தமே பத்துதான், கடைசி ஜோடி 80, 81, அதுக்கு மேல எவ்ளோ தூரம் போனாலும் கிடையாது. எந்த பகா எண்கள எடுத்தாலும் இப்படி ஒரு முடிவு உண்டுன்னு இருபத்தி சொச்ச வயசுல காட்டுனவரு, 1903ல கிறிஸ்டியானியால (இன்னிக்கு ஒஸ்லோ) பேராசிரியர் ஆன கொஞ்ச நாள்லயே இயற்பியலாளர் பிர்க்லாண்ட் செஞ்ச காந்த உருண்டை சோதனைய (பூமி மாதிரி ஒரு காந்த உருண்டை மேல எலக்ட்ரான பாய்ச்சி ஒளிய வரவெச்சது) பாத்துட்டு மீதி காலம் பூரா அரோராவுக்கே, அதாவது துருவப் பக்கம் ராத்திரி வானத்துல தெரியுற வண்ண ஒளிக்கே, குடுத்துட்டாரு. சூரியன்ல இருந்து வர்ற மின்னேற்ற துகள பூமியோட காந்தப்புலம் வளைக்கிறதாலதான் அரோரா வருதுன்னு கணக்கு போட்டாரு, கடைசில அந்த தியரியும் நிக்கல.

துருவன்: நிக்கலன்னு எப்படிங்க சொல்றீங்க? பூமியோட காந்தப்புலத்துல ஒரு மின்னேற்ற துகள் எப்படி சுத்தும்னு ஃபார்முலாவா விடை வராது, அதனால மாணவர்கள வெச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல ஒவ்வொரு பாதையையும் துண்டு துண்டா கையாலயே கணக்கு போட்டாரு. 1907ல அவரு யூஸ் பண்ண அந்த முறைதான் 1967க்கு அப்புறம் பிரெஞ்சு இயற்பியலாளர் வெர்லே பேர்ல மூலக்கூறுங்க எப்படி நகருதுன்னு பாக்குற கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல எல்லாம் ஓடுது. இது கணிதம் இல்லையா?

எண்காதலன்: முறை நல்லாருக்கு, மறுக்கல. ஆனா அவரு ஒத்த துகள மட்டும்தான் எடுத்தாரு. சூரியன்ல இருந்து வர்றது நேர், எதிர் ரெண்டும் கலந்த கூட்டம். வெறும் எலக்ட்ரானா வந்தா ஒண்ண ஒண்ணு தள்ளி வழியிலயே சிதறிடும்னு 1919லயே இயற்பியலாளர் லிண்டமன் சொல்லிட்டாரு. அரோராவுக்கு காரணம் கேட்டா ஸ்டோர்மர் கணக்கு பதில் சொல்லாது.

துருவன்: அரோராவுக்கு சொல்லல, காஸ்மிக் கதிருக்கு சொல்லுச்சே! அது விண்வெளியில இருந்து எக்கச்சக்க வேகத்துல தனித்தனியா வர்ற துகள், அங்க இவரு கணக்கு கச்சிதமா பொருந்துது, நிலநடுக்கோட்டு பக்கம் ஏன் கம்மியா வருதுன்னு 1933ல இயற்பியலாளர்கள் லெமெய்த்ரேயும் வல்லார்ட்டாவும் இத வெச்சுதான் விளக்குனாங்க. அதோட, வெளியில இருந்து நுழைய முடியாத, உள்ள இருந்தா தப்பிக்கவும் முடியாத பகுதி பூமிய சுத்தி உண்டுன்னு அவரு கணக்குலயே இருக்கு. 1958ல அமெரிக்க செயற்கைக்கோள் எக்ஸ்ப்ளோரர் 1 போய், அப்படி பூமிய சுத்தி துகள்கள் மாட்டிக்கிட்டு இருக்குற வான் ஆலன் பட்டைய பாத்துச்சு, இவரு 1957 ஆகஸ்ட்லயே போய் சேந்துட்டாரு. எனக்கு ஆதங்கம்னா அதுதான்.

கேமராக்காரி: ரெண்டு பேரும் தியரியிலயே நிக்கிறீங்க. 1910ல நார்வேயோட வடக்க இருக்குற போஸ்ஸெகோப் ஊருக்கு போய் என்ன பண்ணாருன்னு பாருங்க: கிலோமீட்டர் கணக்குல தள்ளி ரெண்டு இடத்துல கேமரா, நடுவுல டெலிபோன் லைன், இவரு சொன்னதும் ரெண்டு இடத்துலயும் ஒரே நொடியில படம் எடுக்கணும். ரெண்டு படத்துலயும் நட்சத்திரம் அதே இடத்துல இருக்கும், அரோரா மட்டும் கொஞ்சம் நகந்திருக்கும். அந்த நகர்வ அளந்தா உயரம் வந்துடும். கீழ் விளிம்பு பெரும்பாலும் 100 கிலோமீட்டர் பக்கம்னு உறுதியானது இப்படித்தான். காலேஜ் படிக்கும்போதே கோட்டு பொத்தான் ஓட்டையில கேமராவ மறைச்சு தெருவுல நாடக ஆசிரியர் இப்சன படம் எடுத்த ஆளுங்க அவரு. தியரி நின்னாலும் விழுந்தாலும் இந்த அளவு அப்படியே இருக்கு.

எண்காதலன்: அளவீடு வேற யாராச்சும் செஞ்சிருப்பாங்க மேடம். 1897 தேற்றத்த அடுத்த படிக்கு கொண்டு போக அன்னிக்கு நார்வேல எத்தன பேரு இருந்தாங்க? 1964ல அமெரிக்க கணிதவியலாளர் லேமர் வந்துதான அந்த ஜோடிகள கண்டுபிடிக்கிற கணக்க சுருக்குனாரு.

துருவன்: ஏங்க, கேமராவோட அந்த குளிர்ல நிக்கவும் சமன்பாட போட்டு தீக்கவும் ஒரே ஆளு கிடைக்கிறது அதவிட அபூர்வம்.